வயது எழுதாத கட்டம்

ஃபிளோரா ஊசி குத்தினால் வலிக்காது என்று வலங்கைமானைச் சுற்றி எட்டு ஊருக்குப் பேர். நரம்பே தட்டுப்படாத கையானாலும் இரண்டு தட்டு தட்டி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரத்தத்தை எடுத்துவிடுவாள். அவள் அப்பா அருள்சாமி இதைச் சொல்லாத டீக்கடை கிடையாது. "எறும்பு கடிச்சாப்லகூட இருக்காதுய்யா. எம் பொண்ணு கை அப்படி" என்பார். அவருக்கு எழுபத்து நாலு, மகளுக்கு இருபத்தைந்து. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், ஐம்பதைத் தொடுகிற வயதில் பிறந்தவள். அம்மா இவள் ப்ளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டாள். அதன் பிறகு மிஞ்சியது அப்பா, மகள், ஒரு ஏக்கர் அளவுக்கு மூன்று மா சொந்த நிலம்.

குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. லேப் டெக்னீசியன் படிப்பு. படித்து முடித்துத் தஞ்சாவூரில் மூன்று இடம் ஏறி இறங்கினாள். அனுபவம் இருக்கிறதா என்று மூன்று இடத்திலும் கேட்டார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று மூன்றாவது இடத்தில் கேட்டே விட்டாள். அவர்கள் கதவைக் காட்டினார்கள். வலங்கைமான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப் வைத்திருந்த பிரகதீஸ்வரிதான் ஒரு கேள்வியும் கேட்காமல் வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவளும் தன் வீட்டில் முதலில் படித்தவள். சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டாள், தீபாவளிக்குத் தனக்கு எடுத்த மாதிரியே சுடிதார் எடுத்துக் கொடுத்தாள். பிரகதீஸ்வரி அக்கா சொன்னால் ஃபிளோராவுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பிப்ரவரியில் அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது அக்கா அந்த யோசனையைச் சொன்னாள். ஃபிளோராவின் ஊரில் இலவச தைராய்டு முகாம். டாக்டர் குஞ்சிதபாதம் வருவார். பெரியவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் தங்களுக்கு என்ன என்றே தெரியாமல் இருக்கிறார்கள். ஃபிளோராவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் மைக்கை வாங்கி அவளே அறிவித்தாள். உங்க வீட்டுப் பிள்ளை சொல்றேன், பயப்படாம வாங்க என்றாள். கோயில் பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கும் நேரில் போய்ச் சொன்னாள்.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். யார் முதலில் கை நீட்டுவது என்று எல்லோரும் தயங்கிக்கொண்டிருந்தபோது அருள்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் குத்தினாள். அவர் சிரித்த முகத்தோடு ஊரைப் பார்த்தார். அப்புறம் வரிசை தானாகச் சேர்ந்தது.

கூட்டம் அதிகமானதும் அக்கா ஒரு சுருக்குவழி சொன்னாள். இவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் வயது தெரியாது, ஆதாரில் இருப்பதும் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது, ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். வயதுக் கட்டத்தில் எல்லோருக்கும் 'அடல்ட்' என்று போட்டுக்கொண்டே போ. ஃபிளோரா அப்படியே போட்டாள். தன் அப்பாவின் வயது அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதியே இருக்கிறது. கை பழகிய வேகத்தில் அவருக்கும் 'அடல்ட்' என்றுதான் போட்டாள்.

அருள்சாமிக்கு டி.எஸ்.ஹெச். 6.4 என்று வந்தது. நாலு வரைக்கும்தான் இருக்கலாம் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருந்தது. 6.4 தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எண் ஏறினால் கழுத்திலுள்ள சுரப்பி மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். டாக்டர் அதைத் தன் பாணியில் விளக்கினார். "மோட்டார் எறச்சாத்தான வயல் நனையும்? உங்க மோட்டார் சோம்பிப் போச்சு. இப்படியே விட்டா ஆயுசு குறையும். மாத்திரை போட்டா பத்து வருசம் கூட." கீழே டெக்னீசியன் என்ற இடத்தில் ஃபிளோராவின் கையெழுத்து இருந்தது. அப்பா அந்தக் கையெழுத்தை மற்றவர்களுக்குக் காட்டினார்.

பத்தொன்பது பேர் மாத்திரைக்குப் போனார்கள். அதில் பதினோரு பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரலில் அருள்சாமி கோழி கூவுவதற்கு முன்பே எழுந்துவிட்டார். வரப்பு வெட்டினார், வேலி கட்டினார், யாரும் கேட்காமலேயே கோயில் தோட்டத்தைக் கொத்திப்போட்டார். இரண்டு நாளில் பூண்டி மாதா கோயிலுக்கு நடந்தே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். அருள்சாமிக்கு வயசு இறங்குது, பொண்ணு பார்க்கலாமா என்று டீக்கடையில் கேலி பண்ணினார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. ஜூனில் மேட்டூர் அணை திறந்த கையோடு, சிங்கப்பூரில் இருக்கிற ராஜராஜனின் நிலத்தில் இரண்டு மா குத்தகைக்கும் எடுத்தார். இந்த வயசில் எதற்கப்பா என்று ஃபிளோரா கேட்டபோது, எந்த வயசு என்று கேட்டுச் சிரித்தார். மே மாதம் இன்னொரு தடவை ரத்தம் பார்த்து, இன்னும் இறங்கணும் என்று டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கியிருந்தார்.

போகப்போக அவருக்குச் சட்டை தொளதொளத்தது. டீ கிளாஸைப் பிடித்தால் டீ ஆடியது. ராத்திரி தூக்கமில்லை. செப்டம்பரில் எழுபத்தெட்டு வயது மருதையன் படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார். முகாமில் அவரும் கை நீட்டி மாத்திரை வாங்கியவர்தான். வயசு ஆச்சு, நல்ல சாவு என்று ஊர் சொன்னது. ஃபிளோராவும் அப்படியே நினைத்து மாலை வாங்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் மழையில், இரண்டாம் போகமான தாளடி நடவு தண்ணீரில் நின்றது. வடிய விடுவதற்காக வரப்பை வெட்டிக்கொண்டிருந்த அருள்சாமி, மண்வெட்டியோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. டி.எஸ்.ஹெச். 0.02.

பணியிலிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரையை யார் ஆரம்பித்தது என்று கேட்டாள். பிறகு ஃபிளோராவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"வயசானா அந்தச் சுரப்பி கொஞ்சம் மெதுவாத்தாங்க ஓடும். எழுபது தாண்டுனவருக்கு ஆறு சொச்சம்கிறது பெரும்பாலும் நோயே இல்ல. தொண்ணூறு தாண்டி இருக்கறவங்கள ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா, நிறைய பேருக்கு இந்த நம்பர் கூடுதலாத்தான் இருந்துருக்கு. உடம்பு தானா வேகத்தக் குறைச்சு வச்சுருக்கு. நீங்க அத விரட்டிருக்கீங்க. இதயம் ஓடி ஓடித் தாளம் தப்பிருச்சு. எலும்பையும் பாக்கணும்."

நீங்க என்றது அவளை அல்ல, பொதுவாகத்தான். ஆனாலும் ஃபிளோராவுக்கு அது தன் கையெழுத்தைத் தொட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. பிழைப்பாரா என்று கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்தியாயிற்று, அடுத்த சில வாரம் முக்கியம் என்றாள் டாக்டரம்மா. முகாமில் மாத்திரை வாங்கிய எல்லோரும் நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது, சிலருக்கு இது நிஜமாகவே உயிர் மாத்திரை, ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள்.

மறுநாள் காலை ஃபிளோரா லேப்புக்குப் போனாள். டாக்டரம்மா கோப்பில் வைக்க முகாம் ரிப்போர்ட்டின் நகல் கேட்டிருந்தாள். அக்கா இன்னும் வரவில்லை. ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓடவிடுவதும்தான் ஃபிளோராவின் வேலை. கம்ப்யூட்டரில் ஏற்றி அச்செடுப்பது எப்போதும் அக்காதான். பாஸ்வேர்டு ஃபிளோராவுக்கும் தெரியும். அப்பாவின் பெயரைத் தேடினாள். வயதுக் கட்டத்தில் 'அடல்ட்' என்று இருந்தது. ஏன் என்று யோசிக்காமல், மனசு உறுத்தியதால் மட்டும், அதை அழித்துவிட்டு 74 என்று அடித்தாள்.

நட்சத்திரம் காணாமல் போனது.

6.4 மெலிந்த எழுத்துக்கு மாறியது. பக்கத்தில் நாலு வரை என்று இருந்த இடத்தில் ஏழரை வரை என்று வந்தது. அவள் திரும்ப 'அடல்ட்' என்று போட்டாள். நட்சத்திரம் வந்தது. 74 போட்டாள். போனது. நாலைந்து தடவை இப்படிப் போட்டுப் போட்டு எடுத்தாள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. வயதைச் சொல்லியிருந்தால் அது சரியாகச் சொல்லியிருக்கும். சொல்லாதே என்று சொன்னது அக்கா, சொல்லாமல் விட்டது ஃபிளோரா.

அக்காவுக்கும் இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அவள் அப்போதும் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். அந்த ஆசையோடுதான் அக்காவின் அம்மா சாவித்திரியின் பெயரை அடித்தாள். அந்த அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது ஃபிளோராதான். காபி கொடுத்துவிட்டுத்தான் கையையே நீட்டுவார்கள். முடிவு என்ன என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று ரிப்போர்ட் இருந்தன. வயது 76. டி.எஸ்.ஹெச். 7.1. அடுத்தது 6.8. அடுத்தது 7.3. மூன்றிலும் வயது ஒழுங்காக எழுதியிருந்தது. இரண்டாவது ரிப்போர்ட்டின் கீழே அக்கா தன் கையாலேயே குறிப்பு அடித்திருந்தாள்: வயதுக்கேற்ற அளவே, மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கவும். தேதி, முகாமுக்கு மூன்று வாரம் முந்தியது.

பிரகதீஸ்வரி வந்தபோது ஸ்கிரீனில் அந்த ரிப்போர்ட் திறந்தபடியே இருந்தது. அவள் கைப்பையை வைத்துவிட்டு அதைப் பார்த்தாள். முதலில் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டாள்.

"உங்கம்மா மாத்திரை போடுறாங்களாக்கா?" என்றாள் ஃபிளோரா.

அக்கா உட்கார்ந்தாள். மெஷின் தன்னுடையது இல்லை, கம்பெனி ஓசியில் வைத்துவிட்டுப் போனது, மாசத்துக்கு இத்தனை டெஸ்ட் ஓடாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆரம்பித்தாள். டாக்டர் முகம் சுளித்தால் வலங்கைமானில் லேப் நடத்த முடியாது என்றாள். ஆயுசு குறையும் என்று சொன்னது டாக்டர்தான், தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மருந்து எழுதுகிற அதிகாரம் தனக்கு இல்லை என்றாள். எல்லாம் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. அதுதான் ஃபிளோராவுக்குத் தாங்க முடியவில்லை.

"நான் அதக் கேக்கல. உங்கம்மாவுக்கு வேணாம்னு தெரிஞ்சுருக்கு. எங்கப்பா மொத நாற்காலில உக்காந்தப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஊரு பூரா சொல்லுவ."

"ஆமா. சொல்லுவேன்."

"அப்பறம்? ஊருல உள்ள எல்லார் அம்மா அப்பாவையும் நான் பாத்துக்க முடியுமா ஃபிளோரா? எங்கம்மாவ நான் பாத்துக்கிட்டேன். நீ டிகிரி முடிச்சவதான? புத்தகத்துல இல்லாததா? நீ ஏன் பாக்கல?"

ஃபிளோரா வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மேஜையில் வீச நினைத்தாள். பழக்கதோஷத்தில் மடித்துத்தான் வைத்தாள். முப்பத்தெட்டுப் பேரின் ரிப்போர்ட்டையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டாள். அக்கா தடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறும்வரை அழக்கூடாது என்று நினைத்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு அழுகை வரவில்லை. புத்தகத்துல இல்லாததா என்ற கேள்விதான் கூடவே ஏறி உட்கார்ந்தது. புத்தகத்தில் இருந்தது. முதியோர் என்ற தலைப்பில் அரைப் பக்கம். பரீட்சைக்கு வராது என்று காலேஜில் தாண்டிப்போனார்கள். அவளும் தாண்டினாள்.

அருள்சாமி வீடு திரும்பிய அன்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். ஒளிக்கத் தெரியாது அவளுக்கு. அக்கா செய்ததை, தான் 'அடல்ட்' என்று எழுதியதை, நட்சத்திரம் மறைந்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தத் தெம்பு என்னுது இல்லையா பாப்பா?"

"இல்லப்பா. மாத்திரையோடது."

"பூண்டிக்கு நடந்தேனே?"

அவள் அவர் காலடியில் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"மாதா குடுத்துச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குத்தகை நிலத்தை யார் பார்ப்பது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மாத்திரை டப்பாவை அவர் தலையணைக்கடியில் கண்டாள். எண்ணிப் பார்த்தாள், குறையவில்லை. ஆனால் இவள் குப்பையில் போட்டதை அவர் எடுத்து வைத்திருக்கிறார்.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதரிடம் மைக் கேட்டாள். கோயிலுக்குள் இந்தப் பேச்சு எதற்கு, வீடு வீடாகப் போய்ச் சொல்லலாமே என்றார் அவர். போன தடவை மைக்கில்தானே ஃபாதர் சொன்னேன், இதையும் மைக்கில்தான் சொல்ல வேண்டும் என்றாள். முகாமுக்கு வந்த இந்துக் குடும்பங்களையும் முந்தின நாளே போய் அழைத்திருந்தாள். அவர்கள் வாசலில் நின்றார்கள்.

அழகாகப் பேச அவளுக்கு வராது. நேராகச் சொன்னாள். பிப்ரவரியில் நான் கூப்பிட்டு வந்தீர்கள், உங்கள் வயதை நான் எழுதவில்லை, வயதை எழுதாததால் நோய் இல்லாத சிலருக்கு நோய் என்று ரிப்போர்ட் வந்தது, அதில் என் கையெழுத்து இருக்கிறது. எழுபது தாண்டியவர்கள் இந்த வாரம் என்னோடு தஞ்சாவூர் வாருங்கள், டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன், அதுவரை யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பாடகர் குழுவில் பாடுகிற எல்சி எழுந்தாள். வயது ஐம்பத்தெட்டு.

"அன்னைக்கும் நீதான் போடுன்ன. இன்னைக்கும் நீதான் வந்து நிக்கற. நாங்க எந்த ஃபிளோராவ நம்புறது?"

"உங்களுக்கு நம்பர் இருபத்திரெண்டு இருந்துச்சு சித்தி. உங்களுக்கு மாத்திர வேணும். நிறுத்திறாதீங்க."

"பாத்தியா, எனக்கு வேணுமாம், அவ அப்பாவுக்கு வேணாமாம். தாயம் உருட்டுறாளா?" என்று எல்சி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

வாசலில் நின்ற மருதையனின் மருமகள் சிரிக்கவில்லை. "எங்க மாமாவுக்கும் அதானா?" என்று மட்டும் கேட்டாள்.

மைக் இன்னும் கையில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நிம்மதியாகப் போயிருப்பாள். ஃபிளோரா மைக்கை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய், "தெரியாதுக்கா. அதாவும் இருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். அந்தப் பெண் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அருள்சாமி ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நடந்தும் தலை நிமிரவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவதாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு அருள்சாமி வந்தார். மாத்திரை டப்பா சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது. நேராக டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மகள் பக்கத்து இருக்கைக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். வழி நெடுக இரண்டு பக்கமும் தாளடி பச்சை கட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய குத்தகை நிலம் மட்டும் பாதி அழுகிக் கிடந்தது அவளுக்கு நினைவில் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற இடத்தில் வரிசை நீண்டிருந்தது. அங்கே இருந்த ஹாஃபிஸா காலேஜில் ஃபிளோராவுக்கு ஒரு வருடம் மூத்தவள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நீயும் ஒரு கை கொடு, உன் ஆளுங்களுக்கு நீயே எடு என்றாள். ஃபிளோரா கையுறை மாட்டிக்கொண்டாள். ஐந்து பேருக்கும் எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டாள். தெரியாதவர்களிடம் எந்த வெள்ளத்தில் எத்தனை வயது, எந்தப் புயலில் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டுக் கணக்குப் போட்டு எழுதினாள். வரிசைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

முதல் நாற்காலிக்காரர் இந்தத் தடவை கடைசியாக நின்றார்.

அவள் புதுப் பஞ்சை எடுத்து நனைத்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தாள். எந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவாள். அவர் அவளைக் கடந்து போய் ஹாஃபிஸாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க எடுங்கம்மா" என்றார்.

ஹாஃபிஸா ஃபிளோராவைப் பார்த்தாள். ஃபிளோரா தலையசைத்தாள். நரம்பு முதல் குத்தில் அகப்படவில்லை. இரண்டாவது குத்தில் அருள்சாமியின் முகம் சுருங்கியது. ஆனாலும் கையை இழுக்கவில்லை. ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் அதைப் பார்க்காமல், ஹாஃபிஸாவின் மேஜையில் கிடந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயச எழுதிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லைங்கய்யா. எவ்ளோ?"

"எழுபத்தி நாலு" என்று மெதுவாகச் சொன்னவர், எழுதி முடிக்கும்வரை பேனாவின் நுனியைப் பார்த்தார். பிறகு பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஃபிளோரா கீழே விழுந்த அவருடைய துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.